ஹைட்ரஜனை விழுங்கும் உலோகங்கள்: எர்லாங்கன் முதல் மணவாளக்குறிச்சி வரை

எதிர்கால எரிபொருள் என்று பல பத்தாண்டுகளாகப் பேசப்பட்டு வரும் ஹைட்ரஜன் வாயுவைப் பயன்படுத்துவதில் உள்ள பெரும் சிக்கல்களில் ஒன்று, அதை எங்கே, எப்படிச் சேமித்து வைப்பது என்பதாகும். அறை வெப்பநிலையில், வழக்கமான காற்றழுத்தத்தில், ஒரு கிலோ ஹைட்ரஜன் சுமார் 12 கன மீட்டர் இடத்தை நிரப்பும். ஒரு சிறிய அறையின் கொள்ளளவு இது.

இந்த வாயுவை 700 மடங்கு காற்றழுத்தத்துக்கு அழுத்தினால் ஒரு கன மீட்டரில் சுமார் 40 கிலோ அடங்கும். மைனஸ் 253 பாகை செல்சியஸ் வரை குளிர்வித்துத் திரவமாக்கினால் சுமார் 71 கிலோ. ஆனால் லாந்தனம், நிக்கல் ஆகிய இரு உலோகங்கள் சேர்ந்த ஒரு கலவையோ, அறை வெப்பநிலையிலேயே, சில மடங்கு காற்றழுத்தத்திலேயே, திண்மமாகக் கணக்கிட்டால் ஒரு கன மீட்டருக்கு 100 கிலோவுக்கும் அதிகமான ஹைட்ரஜனைத் தன்னுள் வைத்துக்கொள்கிறது. திரவ ஹைட்ரஜனைவிட நெருக்கமாக ஹைட்ரஜன் அடைந்து கிடக்கும் இடம் ஓர் உலோகக் கட்டியின் உட்புறம் என்பது முதன்முறை கேட்பவர்களுக்கு வியப்பளிக்கக்கூடும்.

இருந்தும் விற்பனைக்கு வந்துள்ள ஹைட்ரஜன் கார்கள் உயரழுத்தக் கலன்களையே நம்பியுள்ளன. அதேவேளை, ஜெர்மானியக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் இவ்வகை உலோகங்கள் 2005ஆம் ஆண்டு முதல் பணியாற்றி வருகின்றன. நிலத்தில் தோற்ற ஒரு தொழில்நுட்பம் நீருக்கடியில் எப்படி வென்றது என்ற கேள்விக்கான விடையின் கணிசமான பகுதி, ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில், நியூரம்பெர்க் நகருக்குச் சற்று வடக்கே உள்ள எர்லாங்கன் நகரோடு தொடர்புடையது.

1743இல் தொடங்கப்பட்ட பல்கலைக்கழகம், இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் அங்கு வந்து நிலைகொண்ட சீமென்ஸ் நிறுவனம் ஆகிய இரண்டுமே இந்நகரின் அடையாளங்கள். ஹைட்ரஜன் சேமிப்பு தொடர்பான இரண்டு மாறுபட்ட பாதைகளுக்கு இந்த ஊர் களமாக இருந்திருக்கிறது. ஒன்று உலோகத்தின் வழி. மற்றொன்று எண்ணெயின் வழி.

பிடிப்பதும் விடுவதும்

உலோகம் ஹைட்ரஜனை உறிஞ்சும் என்பது புதிய செய்தியல்ல. ஸ்காட்லாந்து வேதியியலாளர் தாமஸ் கிரஹாம், பல்லேடியம் என்ற உலோகம் தன் கன அளவைப்போல் நூற்றுக்கணக்கான மடங்கு ஹைட்ரஜனை ஏற்றுக்கொள்வதை 1860களிலேயே கண்டறிந்தார். ஆனால் பல்லேடியம் விலை உயர்ந்தது. சேமிப்புக் கிடங்கு கட்டுவதற்கு உகந்த பொருள் அல்ல.

அதன் பின்னர் ஒரு நூற்றாண்டு கழித்து வந்த திருப்பம் தற்செயலானது. நெதர்லாந்தின் ஐந்தோவன் நகரிலுள்ள பிலிப்ஸ் ஆய்வகத்தில், சமாரியம்-கோபால்ட் என்ற காந்தப் பொருளை ஆராய்ந்து கொண்டிருந்தவர்கள், அது ஹைட்ரஜனை உறிஞ்சுவதையும் அதனால் அதன் காந்தப் பண்பு மாறுவதையும் 1969இல் வெளியிட்டனர். காந்தத்துக்குக் கேடான இந்தப் பண்பு சேமிப்புக்கு வரமாயிற்று. அடுத்த ஆண்டே, அதே ஆய்வகத்தின் வான் ஃபூக்ட் குழுவினர், ஒரு பங்கு லாந்தனமும் ஐந்து பங்கு நிக்கலும் கொண்ட கலவை அறை வெப்பநிலையில் ஹைட்ரஜனை விரைவாக ஏற்று, விரைவாகவே வெளிவிடுவதை அறிவித்தனர். 1974இல் அமெரிக்காவின் புரூக்ஹேவன் தேசிய ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ரெய்லி, விஸ்வால் ஆகிய இருவரும், டைட்டேனியமும் இரும்பும் சரிபாதியாகக் கலந்த மலிவான கலவையொன்றும் இவ்வாறே செயல்படுவதைக் காட்டினர்.

இந்தக் கலவைகளின் இரகசியம் ஒரு பொருந்தாத் திருமணத்தைப் போன்றது. லாந்தனம் ஹைட்ரஜனைப் பிடித்தால் எளிதில் விடாது. தனியே விட்டால், பிடித்ததைத் திரும்பப் பெற மிக அதிக வெப்பம் தேவைப்படும். நிக்கலோ ஹைட்ரஜனை உள்ளே சேர்த்துக்கொள்வதில் நாட்டமற்றது. இரண்டும் குறிப்பிட்ட விகிதத்தில் ஒரே படிகக் கட்டமைப்பில் அமரும்போது, வேண்டும்போது பிடித்து, வேண்டும்போது விடும் நடுநிலைக் குணம் பிறக்கிறது. டைட்டேனியத்துக்கும் இரும்புக்கும் இடையே நிகழ்வதும் இதுவே.

ஹைட்ரஜன் மூலக்கூறு உலோகத்தின் மேற்பரப்பைத் தொட்டதும் இரண்டு அணுக்களாகப் பிளவுபடுகிறது. அந்த அணுக்கள் உலோக அணுக்களுக்கு இடையேயுள்ள இடுக்குகளுக்குள் புகுந்து அமர்கின்றன. அப்போது வெப்பம் வெளிப்படுகிறது. லாந்தனம்-நிக்கல் கலவையில் ஒரு கிலோ ஹைட்ரஜனைச் செலுத்தினால் வெளிப்படும் வெப்பம், சுமார் 50 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. திரும்பப் பெற வேண்டுமானால் அதே அளவு வெப்பத்தை நாம் கொடுத்தாக வேண்டும். சேமிப்புக் கலன் என்பது ஒரு வெப்பப் பரிமாற்றக் கருவியாகவும் இருந்தாக வேண்டும் என்பது இதன் பொருள். பார்வைக்கு எளிமையான இந்தத் தொழில்நுட்பத்தில் பொறியியலாளர்களின் உழைப்பு பெரும்பாலும் இங்குதான் செலவாகிறது.

நீருக்கடியில் எடை ஒரு குறையல்ல

இத்தகைய கலவைகள் மீது ஜெர்மானிய நிறுவனங்கள் 1970களிலிருந்தே ஆர்வம் காட்டின. டைம்லர்-பென்ஸ் நிறுவனம் ஹைட்ரைடு கலன் பொருத்திய வாகனங்களை உருவாக்கி, 1980களில் மேற்கு பெர்லின் சாலைகளில் சோதித்தது. எர்லாங்கனுக்கு அண்டை நகரான நியூரம்பெர்க்கில் உள்ள ஜிஎஃப்இ என்ற உலோக நிறுவனம், டைட்டேனியம்-மாங்கனீஸ் அடிப்படையிலான சேமிப்புக் கலவைகளைத் தயாரித்தது.

வாகனங்களில் இம்முயற்சி நிலைக்காமல் போனதற்குக் காரணம் எளிய கணக்கு. லாந்தனம்-நிக்கல் கலவை தன் எடையில் சுமார் 1.4 விழுக்காடு ஹைட்ரஜனையே சுமக்கும். டைட்டேனியம்-இரும்பு கலவை 1.9 விழுக்காடுவரை சுமக்கும். ஒரு கார் ஒருமுறை நிரப்பிக்கொண்டு ஐந்நூறு கிலோமீட்டர் அளவில் ஓடச் சுமார் 5 கிலோ ஹைட்ரஜன் தேவை. அதற்கு உலோகம் மட்டுமே 260 முதல் 360 கிலோ வரை வேண்டும். கலன், குழாய்கள், வெப்பப் பரிமாற்றி ஆகியவற்றின் எடை இதற்கு மேல்.

நீர்மூழ்கிக் கப்பலில் இந்தக் கணக்கு தலைகீழாகிறது. நீருக்குள் மூழ்க வேண்டிய கப்பலுக்கு எடை எப்படியும் தேவை. அதற்காகவே ஈயக் கட்டிகளை ஏற்றும் வழக்கம் உண்டு. அந்த இடத்தில் ஹைட்ரஜன் நிறைந்த உலோக உருளைகளை வைத்தால் எடை பாரமாக இல்லாமல் பயனாகிவிடுகிறது. இடமோ நீர்மூழ்கிக் கப்பலில் பொன்னுக்கு நிகர். குறைந்த இடத்தில் நிறைய ஹைட்ரஜன் என்ற உலோகத்தின் சிறப்பு முழுமையாகக் கைகொடுப்பது இங்குதான்.

டீசல் இயந்திரம் இயங்கக் காற்று வேண்டும். எனவே வழக்கமான நீர்மூழ்கிகள் பேட்டரியை மின்னேற்றுவதற்காக அடிக்கடி மேற்பரப்பை நெருங்க வேண்டியுள்ளது. எதிரியின் கண்ணில் படுவது அப்போதுதான். ஹைட்ரஜனையும் ஆக்ஸிஜனையும் சேர்த்து ஓசையின்றி மின்சாரம் தரும் எரிபொருள் மின்கலங்களுக்கு இத்தேவை இல்லை. சீமென்ஸ் நிறுவனத்தின் எர்லாங்கன் பிரிவுகள் இத்தகைய மின்கலங்களை உருவாக்குவதில் முன்னணியில் நின்றன. அவர்களின் தொடக்ககால மின்கலங்களில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு காரக் கரைசல் மின்பகுளியாக இருந்தது. அந்த மின்கலங்களும் ஹைட்ரைடு உருளைகளும் பொருத்தப்பட்ட 'யூ-1' என்ற நீர்மூழ்கி 1988இல் கடலில் சோதிக்கப்பட்டது.

எனினும் அடுத்த கட்டத்தில் சீமென்ஸ் காரக் கரைசலைக் கைவிட்டு, அதற்குப் பதிலாக மெல்லிய பாலிமர் சவ்வைப் பயன்படுத்தும் மின்கலத்துக்கு மாறியது. 2005 அக்டோபரில் பணியில் சேர்ந்த 'யூ-31' நீர்மூழ்கியில் இவ்வகை மின்கலத் தொகுதிகள் ஒன்பது உள்ளன. ஒவ்வொன்றும் 30 முதல் 40 கிலோவாட் ஆற்றல் தருபவை. கப்பலைக் கட்டியது கீல் நகரின் எச்டிடபிள்யூ தளம். இதே வகையைச் சேர்ந்த 'யூ-32' கப்பல் 2006இல் ஜெர்மனியிலிருந்து ஸ்பெயினின் ரோட்டா துறைமுகம்வரை இரண்டு வாரங்கள் மேற்பரப்புக்கு வராமலேயே பயணம் செய்தது.

இந்த ஏற்பாட்டில் கவனிக்கத்தக்க நுட்பம் ஒன்று உண்டு. எரிபொருள் மின்கலம் மின்சாரத்தோடு வெப்பத்தையும் உண்டாக்குகிறது. அதைக் குளிர்விக்கும் வெந்நீரே ஹைட்ரைடு உருளைகளைச் சூடாக்கி ஹைட்ரஜனை விடுவிக்கிறது. தேவை கூடினால் வெப்பம் கூடும். வெப்பம் கூடினால் வாயுவும் கூடும். உருளை சேதமடைந்தால்கூட வாயு வெளியேறும்போது உலோகம் குளிர்ந்து, கசிவு தானாகவே தளர்கிறது. அழுத்தக் கலன்களுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. உருளைகள் கப்பலின் அழுத்தக் கூட்டுக்கு வெளியே வைக்கப்படுவதால், மாலுமிகள் ஹைட்ரஜனோடு ஒரே அறையில் உறங்க வேண்டியதும் இல்லை.

காரத்தில் ஊறும் உலோகம்

நீர்மூழ்கியில் உள்ள உலோகத்துக்கு வாழ்க்கை சுகமானது. அது சந்திப்பது மிகத் தூய்மையான, உலர்ந்த ஹைட்ரஜனை மட்டுமே. ஈரப்பசையோ ஆக்ஸிஜனோ கார்பன் மோனாக்சைடோ கலந்தால் மேற்பரப்பு கெட்டுப்போகும் என்பதால் துறைமுகத்தில் நிரப்பும்போதே வாயுவின் தூய்மை கண்டிப்பாகப் பேணப்படுகிறது.

ஆனால் இதே குடும்பத்து உலோகங்களைக் கோடிக்கணக்கானோர் தம் வீடுகளில் அறியாமலே பயன்படுத்தியிருக்கிறார்கள். மீண்டும் மின்னேற்றத்தக்க நிக்கல்-உலோக ஹைட்ரைடு பேட்டரி அது. 1990களில் மடிக்கணினிகளிலும் செல்பேசிகளிலும், 1997இல் வந்த டொயோட்டா பிரியஸ் காரிலும் இருந்தது இவ்வகை பேட்டரியே. அங்கு உலோகம் வாயுவைச் சந்திப்பதே இல்லை. அடர்த்தியான காரக் கரைசலில் ஆண்டுக்கணக்காக ஊறிக்கிடந்து, தண்ணீரிலிருந்து ஹைட்ரஜனைப் பெறுகிறது.

மின்னேற்றும்போது உலோகத்தின் மேற்பரப்பில் ஒரு தண்ணீர் மூலக்கூறு ஓர் எலக்ட்ரானைப் பெற்றுப் பிளவுபடுகிறது. ஹைட்ரஜன் அணு மேற்பரப்பில் தங்கி, பின் உள்ளே இறங்குகிறது. எஞ்சிய ஹைட்ராக்சைடு அயனி கரைசலுக்குத் திரும்புகிறது. மின்சாரம் எடுக்கும்போது எல்லாம் தலைகீழ். அளவுக்கு மீறிய வேகத்தில் மின்னேற்றினால் மேற்பரப்பில் அணுக்கள் நெரிசலாகி, உள்ளே இறங்குவதற்குப் பதிலாக இரண்டிரண்டாகச் சேர்ந்து குமிழியாக வெளியேறும்.

மின்வேதியியலாளர்களுக்கு இதில் ஒரு வசதியும் உண்டு. உலோகத்தினுள் உள்ள ஹைட்ரஜன் எந்த வாயு அழுத்தத்துக்குச் சமமானது என்பதை, மின்முனையின் மின்னழுத்தத்தை அளந்தே கணக்கிட்டுவிடலாம். அழுத்தம் பத்து மடங்கு மாறினால் மின்னழுத்தம் சுமார் 30 மில்லிவோல்ட் மாறும். பெரிய அழுத்தக் கருவிகளை வாங்க வசதியில்லாத ஓர் ஆய்வகம்கூட ஒரு வோல்ட்மீட்டரைக் கொண்டு புதிய கலவையொன்றின் தரத்தை எடைபோட முடியும் என்பது வளரும் நாடுகளின் ஆய்வாளர்களுக்குச் சிறிய உதவியல்ல.

ஆனால் பிலிப்ஸ் ஆய்வகத்தின் அசல் கலவை பேட்டரியில் வைக்கப்பட்டபோது சில நூறு சுழற்சிகளுக்குள்ளேயே தளர்ந்துவிட்டது. காரணம் அதன் உடல்வாகு. ஹைட்ரஜன் நிறையும்போது இந்தக் கலவையின் கன அளவு ஏறத்தாழ கால் பங்கு கூடுகிறது. வெளியேறும்போது சுருங்குகிறது. இப்படி வீங்கிச் சுருங்கும் கட்டி விரிசலிட்டு, ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் சில பங்கே அளவுள்ள பொடியாகிறது. ஒவ்வொரு விரிசலும் புதிய மேற்பரப்பைத் திறந்துவிடுகிறது. அங்கே காரக் கரைசல் லாந்தனத்தைத் தாக்கி, லாந்தனம் ஹைட்ராக்சைடாக மாற்றுகிறது. உலோகப் பொடியின்மீது நுண்ணிய ஊசிகளாக அது படர்வதை மின்நுண்நோக்கியில் காணலாம். ஹைட்ரஜனைப் பிடிக்க வேண்டிய உலோகம் இவ்வாறு சிறிது சிறிதாகத் துருவாகிவிடுகிறது.

இதில் முரணான ஒரு பக்கமும் உள்ளது. லாந்தனம் அரிக்கப்பட்ட இடத்தில் நிக்கல் நுண்துகள்களாக எஞ்சுகிறது. தண்ணீரையும் ஹைட்ரஜனையும் பிளக்கும் வினையூக்கியாகச் செயல்படுவது அந்த நிக்கலே. ஆகவே அரிப்பே இல்லாத மின்முனை மந்தமாக இருக்கும். அரிப்பு மிகுந்தால் அழிந்துபோகும். புதிய பேட்டரி முதல் சில சுழற்சிகளில் மெல்லத் திறன் கூடி வருவதற்கு இந்த ஓரளவு அரிப்பும் ஒரு காரணம்.

1984இல் பிலிப்ஸ் ஆய்வாளர் வில்லெம்ஸ் இதற்கு வழி காட்டினார். நிக்கலின் ஒரு பகுதிக்குப் பதிலாகக் கோபால்ட்டைச் சேர்த்தபோது வீக்கம் குறைந்தது. சிறிதளவு சிலிக்கான் மேற்பரப்பில் காப்புப் படலமாயிற்று. பின்னர் தொழிற்சாலைகள் சிலிக்கானுக்குப் பதில் அலுமினியத்தையும் மாங்கனீஸையும் சேர்த்தன. தூய லாந்தனத்தின் இடத்தில், பல அருமண் தனிமங்கள் பிரிக்கப்படாமல் கலந்திருக்கும் 'மிஷ்மெட்டல்' வந்தது. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்ட் ஓவ்ஷின்ஸ்கி நிறுவிய ஓவோனிக் நிறுவனம் டைட்டேனியம், சிர்கோனியம், வனேடியம் வழியில் தனியே முன்னேறியது.

லித்தியம் பேட்டரிகளின் எழுச்சியால் இவ்வகை பேட்டரிகளின் இடம் சுருங்கிவிட்டது. ஆயினும் உலோகம் எவ்வளவு ஹைட்ரஜனை விழுங்கும் என்பதைவிட அதன் மேற்பரப்பு எவ்வளவு காலம் தாக்குப்பிடிக்கும் என்பதே அதன் தகுதியை முடிவு செய்கிறது என்பதை இந்த ஆய்வுகளே தெளிவாகக் காட்டின.

எண்ணெயின் வழி

எர்லாங்கனில் இன்று நடைபெறும் ஹைட்ரஜன் ஆய்வுகளில் அதிகம் பேசப்படுவது உலோகமல்ல, எண்ணெய். எர்லாங்கன் பல்கலைக்கழகப் பேராசிரியர் பீட்டர் வாஸர்ஷைடும் அவரது சகாக்களும், தொழிற்சாலைகளில் வெப்பம் கடத்தப் பயன்படும் ஒருவகை எண்ணெயில் ஹைட்ரஜனை வேதியியல் முறையில் பிணைத்து வைக்கும் முறையை வளர்த்தெடுத்தனர். இதைச் சந்தைப்படுத்த 'ஹைட்ரஜீனியஸ்' என்ற நிறுவனம் 2013இல் அந்நகரிலேயே தொடங்கப்பட்டது. அதே ஆண்டில் யூலிஷ் ஆய்வு மையம், பெர்லின் ஹெல்ம்ஹோல்ட்ஸ் மையம், எர்லாங்கன் பல்கலைக்கழகம் ஆகியவை இணைந்து, புதுப்பிக்கத்தக்க ஆற்றலுக்கான ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஆய்வு நிலையத்தை அங்கு நிறுவின.

எண்ணெயின் கவர்ச்சி விளங்கிக்கொள்ளக் கூடியதே. அது தன் எடையில் 6 விழுக்காட்டுக்கும் சற்று அதிகமான ஹைட்ரஜனைச் சுமக்கிறது. மேலே சொன்ன உலோகங்களைவிட மூன்று, நான்கு மடங்கு. எளிதில் தீப்பற்றுவதில்லை. டீசலுக்கென ஏற்கெனவே உள்ள கப்பல்கள், தொட்டிகள், லாரிகள் ஆகியவற்றை இதற்கும் பயன்படுத்தலாம்.

ஆனால் பிணைத்த ஹைட்ரஜனைத் திரும்பப் பெறச் சுமார் 300 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். இதற்குத் தேவைப்படும் ஆற்றல், கிடைக்கும் ஹைட்ரஜனில் அடங்கியுள்ள ஆற்றலில் கால் பங்குக்கும் மேல். நீர்மூழ்கியின் உலோக உருளைக்கு மின்கலத்தின் வெந்நீரே போதுமானதாக இருந்தது. எண்ணெய்க்கு அது போதாது. ஹைட்ரஜனைத் தொலைதூரம் கொண்டு செல்ல எண்ணெயும், ஓரிடத்தில் அமைதியாக வைத்திருக்க உலோகமும் பொருத்தமானவை என்று கொள்வதே நியாயமாகத் தோன்றுகிறது.

அந்த ஹெல்ம்ஹோல்ட்ஸ் நிலையத்தில் உலோகங்களின் மின்வேதியியல் வேறொரு வடிவில் தொடர்கிறது. கார்ல் மாயர்ஹோஃபர், செர்ஹி செரெவ்கோ ஆகியோரின் குழுக்கள், மின்முனையிலிருந்து உலோக அணுக்கள் கரைசலில் கரைந்து செல்வதை அது நிகழும் கணத்திலேயே அளக்கின்றன. மின்முனைமீது நகரும் சிறு கலனின் வழியே ஓடும் கரைசல், நேரே நிறை நிறமாலைமானிக்குள் சென்று பரிசோதிக்கப்படுகிறது.

இம்முறையில் கிடைத்த முடிவுகளில் ஒன்று நடைமுறைக்கு மிக முக்கியமானது. பிளாட்டினம் போன்ற உலோகங்கள் ஒரே நிலையில் தொடர்ந்து இயங்கும்போது குறைவாகவும், மின்னழுத்தம் ஏறி இறங்கும்போது மிகுதியாகவும் கரைகின்றன. மேற்பரப்பில் ஆக்சைடு படலம் தோன்றும்போதும், குறிப்பாக அது மறையும்போதும், அணுக்கள் பிடிப்பை இழக்கின்றன. வெயிலையும் காற்றையும் நம்பி, ஒரு நாளில் பலமுறை தொடங்கி நிறுத்தப்படும் ஹைட்ரஜன் ஆலைகளுக்கு இது ஓர் எச்சரிக்கை. தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்தைப் பசுமை ஹைட்ரஜன் மையங்களில் ஒன்றாகத் தேர்ந்தெடுத்துள்ள இந்தியாவுக்கும் இது பொருந்தும். 2023 ஜனவரியில் ஒப்புதல் பெற்ற இந்தியாவின் பசுமை ஹைட்ரஜன் திட்டத்துக்கு 19,744 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டுள்ளது. 2030க்குள் ஆண்டுக்கு 50 இலட்சம் டன் உற்பத்தி என்பது அதன் இலக்கு.

குமரிக் கரையின் மணல்

ஹைட்ரஜன் சேமிப்பில் இந்தியாவுக்கும் நீண்ட அனுபவம் உண்டு. வாரணாசி இந்துப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஓ.என். ஸ்ரீவாஸ்தவாவின் குழு ஹைட்ரைடு கலன் பொருத்திய மோட்டார் சைக்கிள்களை ஓட்டிக் காட்டியது. சென்னை ஐஐடியில் உலோக ஹைட்ரைடுகளின் வெப்பப் பரிமாற்றம் பல ஆண்டுகளாக ஆராயப்பட்டு வருகிறது. அழகப்பச் செட்டியார் அளித்த 300 ஏக்கர் நிலத்திலும் 15 இலட்சம் ரூபாய் நன்கொடையிலும் உருவான காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையம், 1953 முதல் பேட்டரி, உலோக அரிப்பு ஆகிய இரு துறைகளிலும் இயங்கி வருகிறது. ஹைட்ரைடு மின்முனையின் பிரச்சினை இந்த இரு துறைகளும் சந்திக்கும் இடம் என்பது குறிப்பிடத்தக்கது.

இந்தியப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பு, தன் நீர்மூழ்கித் திட்டத்துக்கு ஜெர்மானிய வழியைப் பின்பற்றவில்லை. அம்பர்நாத்திலுள்ள கடற்படைப் பொருள் ஆய்வகம் உருவாக்கி, 2021 மார்ச்சில் தரையில் சோதித்த அமைப்பில் ஹைட்ரஜன் சேமித்து வைக்கப்படுவதே இல்லை. சோடியம் போரோஹைட்ரைடு என்ற பொருளைத் தண்ணீருடன் வினைபுரியச் செய்து, வேண்டும்போது வேண்டிய அளவு ஹைட்ரஜன் கப்பலிலேயே உண்டாக்கப்படுகிறது. உருளைகளின் எடையும் துறைமுகத்தில் வாயு நிரப்பும் ஏற்பாடும் இதனால் மிச்சம். ஆனால் பயன்படுத்திய பொருளை மீண்டும் புதுப்பிப்பது எளிதல்ல.

தமிழ் வாசகர்களுக்கு இந்தக் கதையில் மிக நெருக்கமான பகுதி மூலப்பொருள். 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான தேங்காய் நாரில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் என்ற கனிமம் இருப்பதைக் கண்டார். அதன் மூலம் மணவாளக்குறிச்சி கடற்கரை என்று தெரிந்ததும், அங்கேயே மணலைப் பிரிக்கும் ஆலையை அமைத்தார். எரிவாயு விளக்குகளின் வலைத்திரிக்குத் தேவையான தோரியத்துக்காகவே அன்று மோனசைட் தேடப்பட்டது. அதிலேயே இருந்த லாந்தனத்துக்கு அப்போது பெரிய மதிப்பில்லை.

இன்று மணவாளக்குறிச்சியில் மத்திய அரசின் ஐஆர்இஎல் நிறுவனம் இயங்குகிறது. மோனசைட்டில் உள்ள அருமண் தனிமங்களில் சந்தை தேடுவது, மின்சார மோட்டார்களின் காந்தத்துக்கான நியோடிமியத்தை. அதைப் பிரித்தெடுக்கும்போது, அதைவிடக் கூடுதலான அளவில் சீரியமும் லாந்தனமும் வேண்டாவிட்டாலும் கூடவே வந்து சேர்கின்றன. 2025 ஏப்ரலில் சீனா ஏழு அருமண் தனிமங்களின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்தபோது அப்பட்டியலில் லாந்தனம் இடம்பெறவில்லை. அதற்குத் தட்டுப்பாடு இல்லை என்பதே காரணமாகலாம். ஹைட்ரஜன் சேமிப்புக்காக மட்டுமே கடற்கரையைத் தோண்ட வேண்டும் என்று யாராவது வாதிட்டால், அந்த வாதம் நிற்காது.

கரையோர மக்களுக்கு இது வெறும் வேதியியல் பிரச்சினையல்ல. மோனசைட்டில் கதிரியக்கம் கொண்ட தோரியம் உள்ளது. இப்பகுதியின் இயற்கைக் கதிர்வீச்சு மற்ற இடங்களைவிட அதிகம். கிள்ளியூர் வட்டத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஹெக்டேர் பரப்பில் கனிம மணல் அகழும் திட்டத்துக்கு எதிராக 2024இல் மீனவ கிராமங்கள் போராட்டத்தில் இறங்கின. புற்றுநோய் பற்றிய அச்சமும், கரை கடலுக்குள் போய்விடும் என்ற கவலையும் அவர்களின் முறையீடுகளில் முதலிடம் பெற்றன. கனிமங்களைத் தோண்டிய பின் மணல் மீண்டும் நிரப்பப்படும் என்பது அகழ்வோர் தரும் வழக்கமான பதில்.

இந்த மணலில் மோனசைட்டைவிடப் பன்மடங்கு அதிகமாக இருப்பது இல்மனைட் என்ற கறுப்புக் கனிமம். டைட்டேனியமும் இரும்பும் சரிக்குச் சரி கொண்ட ஆக்சைடு அது. அதிலுள்ள ஆக்ஸிஜனை நீக்கிவிட்டால் எஞ்சும் இரண்டு உலோகங்களும், ஏறத்தாழ புரூக்ஹேவன் ஆய்வாளர்கள் 1974இல் அறிவித்த அதே விகிதத்தில் இருக்கும். உருகிய கால்சியம் குளோரைடில் மின்சாரத்தைச் செலுத்தி ஆக்சைடுகளிலிருந்து நேரடியாக உலோகத்தைப் பெறும் முறையை கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் டெரெக் ஃப்ரே குழுவினர் 2000ஆம் ஆண்டில் வெளியிட்டனர். இல்மனைட்டிலிருந்து இவ்வாறே டைட்டேனியம்-இரும்பு கலவையைப் பெறலாம் என்பது ஆய்வகங்களில் காட்டப்பட்டிருக்கிறது. தொழிற்சாலை அளவில் அது இன்னும் செலவு மிகுந்தது. அவ்வாறு பெறப்படும் கலவையின் ஆக்சைடு தோலை அகற்றி அதை ஹைட்ரஜனுக்குப் பழக்க, 400 பாகை அளவிலான வெப்பமும் உயரழுத்தமும் தேவைப்படும். சிறிது மாங்கனீஸ் சேர்த்தால் இது எளிதாகிறது.

டைட்டேனியம்-இரும்பு கலவையை நிரப்பிய நிலையான சேமிப்புக் கலன்களை ஐரோப்பாவில் ஜிகேஎன் ஹைட்ரஜன் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்துள்ளது. கட்டடத்தின் அடித்தளத்தில் வைக்கப்படும் கலனுக்கு எடை ஒரு பொருட்டல்ல. மருத்துவமனை, தொலைத்தொடர்பு நிலையம், மின்கம்பி எட்டாத தீவு ஆகியவற்றில் டீசல் ஜெனரேட்டரின் இடத்தை இவை பிடிக்க முடியுமா என்பது உலோகத்தின் விலையையும், ஆயிரக்கணக்கான முறை வீங்கிச் சுருங்கிய பின் அதன் மேற்பரப்பு எந்த நிலையில் இருக்கும் என்பதையும் பொறுத்தது. குமரிக் கரையிலிருந்து புறப்படும் இல்மனைட்டோ இப்போதைக்குப் பெரும்பாலும் வெள்ளைச் சாயத்துக்கான மூலப்பொருளாகவே பயணம் செய்கிறது.